ஒன்பதரைக் கிலோ

ஜூன் 7, புதன்

பூபதிக்கு இன்று காலை அறுவை சிகிச்சை முடிந்தது. வலது காலில் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர்.

மதியம் வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். பிறகு ஷெட்டைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை நின்ற இடத்திலேயே வண்டி நிற்கிறது. சுவரில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. வண்டியின் பெயிண்ட்தான்.

இந்த நோட்டில் ஆறு வருடமாக, நானே கட்டிய இந்த ரேஸ் வண்டியின் வேலைகளை மட்டும் எழுதிவருகிறேன். அடிச்சட்டத்துக்குக் குழாய் வெட்டிய நாள், எஞ்சின் ஏற்றிய நாள், தனியார் ஓடுதளத்தில் முதன்முதலாக ஓட்டிய நாள். இனியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்தது வண்டி சம்பந்தப்பட்டது என்பதால் அதையும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஷெட் தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. தரையே சரிவு. வண்டி மூக்கை உள்ளே வைத்து நிற்கும். அதில் இருப்பது மோட்டார் சைக்கிள் எஞ்சின். அந்த கியர் பெட்டியில் ரிவர்ஸ் கிடையாது. வெளியே எடுக்க வேண்டுமானால் நான் ஸ்டியரிங்கில் உட்காருவேன், பூபதி வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நின்று பின்பக்கமாகச் சரிவில் ஏற்றுவார். இரண்டடி தள்ளிவிட்டு "பிடி" என்பார். நான் பிரேக் மிதிப்பேன். அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். மறுபடி தள்ளுவார். ஞாயிறு காலை நாலடி ஏறியிருக்கும். "பிடி" என்றார். வண்டி முன்னால் உருண்டு அவர் காலைச் சுவரோடு வைத்து அழுத்தியது.

பிரேக் பிடிக்கவில்லை.

ஜூன் 9, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு மரகதம் நங்கையா வந்தார். பூபதியின் அக்கா, என் நாத்தனார். தம்பியின் காலைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"ஏம்புள்ள, பிரேக் புடிக்கலையா?"

"ம்."

"அந்தப் பிரேக்க யாரு பண்ணுனது?"

"லேத் அந்தோணியண்ணன்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். பிரேக் குழாய் வளைத்தது, மாட்டியது, எண்ணெய் ஏற்றியது எல்லாம் அந்தோணிசாமி அண்ணன்தான். என் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு இரண்டு கடை தள்ளி அவருடைய லேத். வண்டியின் முக்கால்வாசிச் சாமான் அவர் கையால் கடைந்தது.

சாயங்காலம் பட்டறையில் இரண்டு பம்ப் மோட்டார் டெலிவரி.

ஜூன் 12, திங்கள்

பிரேக்கைப் பரிசோதித்தேன்.

எண்ணெய் அளவு சரி. நான்கு சக்கரத்திலும் கசிவு இல்லை. பட்டறையிலிருந்து பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்து கேட் தூணில் மாட்டி வண்டியைச் சரிவில் இழுத்தேன். கைச்சங்கிலியை சீட்டுக்கே இழுத்து வைத்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தபடி சங்கிலியைத் தளர்த்தினேன். வண்டி நின்றது. பதினொரு முறை செய்தேன். பதினொரு முறையும் நின்றது.

திருப்தி இல்லாமல் குழாய்களைக் கழற்றி உள்ளே காற்று ஊதிப் பார்த்தேன். அடைப்பு இல்லை. மறுபடி மாட்டி, பாட்டில் வைத்து நானே எண்ணெய் ஏற்றினேன்.

'காரணம்' என்று எழுதிக் கோடு போட்டேன். அந்தக் கோட்டின் மேல் எதுவும் எழுதவில்லை.

ஜூன் 15, வியாழன்

பூபதியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். அங்கிருந்து ஜன்னல் வழியாக ஷெட் தெரியும். கட்டிலைத் திருப்பிப் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு. இந்த மாதம் பத்தாம் வகுப்புக்கு அவர்தான் வகுப்பாசிரியராக வேண்டியது. வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைப் பற்றித்தான் சொன்னார்.

"அத வித்துரு புள்ள. இல்லாட்டிப் பிரிச்சுப் போட்டுரு."

"ஏனுங்க?"

"பிரேக் நிக்காத வண்டி. இன்னைக்கு என்ற காலு. நாளைக்கு ட்ராக்ல நீ போறப்ப நிக்கலைன்னா?"

நான் வண்டிக்கு ரிவர்ஸ் வைக்கப்போகிறேன் என்றேன். இனி யாரும் முன்னால் நின்று தள்ள வேண்டியிருக்காது.

அவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு இதுதான் முதல் சிரிப்பு. "ரெண்டு வருசமா நாங் கேட்டதுதான அது?"

உண்மை. இரண்டு வருடமாகக் கேட்டார். எடை கூடும் என்று நான்தான் மறுத்தேன். வண்டி 478 கிலோ. ஒவ்வொரு கிலோவையும் துளைபோட்டும் ராவியும் குறைத்தது. ரிவர்ஸ் வைத்தால் பத்துக் கிலோவாவது ஏறும் என்றேன். "அப்ப நானே உன்ற ரிவர்ஸ் கியரா இருந்துக்கறேன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

ஜூன் 17, சனி

திட்டம்: எஞ்சினிலிருந்து சங்கிலி வந்து பின் அச்சைச் சுழற்றுகிறது. அந்த அச்சில் ஒரு பெரிய பல் வளையம் பொருத்த வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார். பொத்தானை அழுத்தினால் அதன் சின்னப் பல் சக்கரம் முன்னால் வந்து வளையத்தைக் கவ்வி அச்சைப் பின்புறமாகச் சுற்றும். விட்டால் பின்வாங்கிக்கொள்ளும். கார் எஞ்சினைக் கிளப்பும் அதே முறை; இங்கே எஞ்சினுக்குப் பதில் சக்கரம்.

வளையத்துக்குப் பழைய காரின் ஃப்ளைவீல் பல் கிடைத்தது. அதை அச்சில் உட்கார வைக்க ஒரு தட்டு கடைய வேண்டும். லேத் வேலை. அந்தோணியண்ணனிடம் போகவில்லை. கணபதி ஏரியாவில் வேறு ஒருவரிடம் கொடுத்தேன்.

பூபதியைக் குளிப்பாட்ட முடியாததால் துண்டு நனைத்துத் துடைத்துவிட்டேன். முதுகில் சூட்டுக்கொப்புளம். பவுடர்.

ஜூன் 22, வியாழன்

தட்டு நடுப்புள்ளி விலகியிருக்கிறது. அரை மில்லிமீட்டர். திருப்பிக் கொடுத்தேன். அந்தோணியண்ணன் கடைந்த எதையும் ஆறு வருடத்தில் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஜூன் 23, வெள்ளி

மழை. மாவு புளித்துவிட்டது.

ஜூன் 26, திங்கள்

பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி முதல் சோதனை. சக்கரம் பின்னால் சுற்றியது. தரையில் இறக்கிப் பொத்தானை அழுத்தினேன். வண்டி ஒரு துள்ளு துள்ளியது, 'டக்' என்றது, நின்றுவிட்டது. சின்னச் சக்கரத்தில் இரண்டு பல் போய்விட்டது. ஸ்டார்ட்டருக்கு வேகம் அதிகம். எஞ்சினைக் கிளப்ப அது சரி. ஐந்நூறு கிலோவை மேட்டில் ஏற்ற அது ஆகாது. எட்டு விநாடியில் கை வைக்க முடியாத சூடு.

மதியம் நங்கையா போன் செய்தார். குரலில் ஒரு திருப்தி இருந்தது.

"உன்ற அந்தோணிய நேருல பாத்து நல்லாக் கேட்டுப்போட்டேன் புள்ள. ஆளக் கொல்லப் பாத்தியான்னு கேட்டேன். வாயே தொறக்கல. தப்புப் பண்ணுனவன் எப்புடித் தொறப்பான்?"

"எங்க வெச்சுக் கேட்டீங்க?"

"அவன் கடையிலதான். நாலு பேரு நின்னாங்க, நிக்கட்டும். எங்கூட்டுக்காரரு ஃபவுண்டரில இருந்து அவனுக்குக் குடுக்கற வேலையையும் நிறுத்திப்போட்டாரு. பிரேக்கு பண்ணத் தெரியாதவன் பம்புக்கு மட்டும் ஒழுங்காப் பண்ணுவானா?"

அடுப்பில் பால் இருந்தது. அது பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

பால் பொங்கவில்லை.

ஜூன் 29, வியாழன்

மோட்டாரைப் பிரித்தேன். நானே சுற்றுவதென்று முடிவு. மெல்லிய கம்பி, அதிகச் சுற்று. வேகம் குறையும், இழுவை கூடும். இருபது வருடமாகச் செய்யும் வேலை. பம்ப் மோட்டார் எரிந்து வந்தால், எந்தச் சுற்று முதலில் எரிந்தது, ஏன் எரிந்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன். தண்ணீரில்லாமல் ஓட்டினீர்களா என்றால் இல்லவே இல்லை என்பார்கள். கம்பியின் நிறம் வேறு சொல்லும். நான் வாதாடுவதில்லை.

ஜூலை 1, சனி

சுற்றி முடித்து வார்னிஷ் போட்டு, காயப் பட்டறை அடுப்பில் வைத்தேன். ஸ்கூட்டரில் லேத் கடை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அந்தோணியண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மதியம் மூன்று மணி. அந்த நேரத்தில் அவர் லேத் ஓடாமல் நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சாருக்குக் கால் எப்புடி இருக்குதுங்க அம்மிணி?"

"பரவாயில்லீங்ணா."

"வந்து பாக்கோணும்னுதான். எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாறது?"

நான் வண்டியை நிறுத்தவில்லை. ஸ்கூட்டர் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நிறுத்தியிருக்கலாம்.

ஜூலை 3, திங்கள்

மோட்டார் மேஜைமேல் நன்றாக ஓடுகிறது. முப்பது விநாடிக்குப் பிறகும் கை வைக்க முடிகிறது. எடை: மோட்டார் 4.3, பல் வளையமும் தட்டும் 3.4, பிடிமானம், கம்பி, ரிலே சேர்த்து 1.8. மொத்தம் ஒன்பதரைக் கிலோ.

கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் பொத்தான் வேலை செய்யும்படி இணைத்திருக்கிறேன். வண்டி முன்னால் ஓடும்போது யாராவது தெரியாமல் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. மனிதர் கவனம் தப்பலாம் என்று நினைத்துத்தான் எதையும் இணைக்க வேண்டும்.



ஜூலை 5, புதன்

தையல் பிரித்தாகிவிட்டது. பூபதி வாக்கர் பிடித்து ஒற்றைக் காலில் ஜன்னல்வரை வந்தார். ஷெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கண்ண மூடுனா ஒன்னே ஒன்னுதான் வருது புள்ள. ட்ராக்ல நீ வண்டியில போற. பிரேக்க மிதிக்கற, மிதிக்கற, நிக்க மாட்டேங்குது."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க."

"நீ எவ்வளவு அழுத்தி மிதிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? நாஞ் சொல்லி நீ மிதிக்காம இருப்பியா?"

நான் சமையலறைக்குப் போனேன். பாத்திரம் எல்லாம் கழுவியே இருந்தது. மறுபடி கழுவினேன்.

ஜூலை 6, வியாழன்

இன்று எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு காலை எஞ்சின் நியூட்ரலில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் புது வெப்பமானி மாட்டியிருந்தேன். முள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வயர் சரியாகப் பிடிக்கவில்லையா என்று விரலால் அதைத் தட்டினேன். இரண்டாவது முறை தட்டக் குனிந்தபோது கால் பிரேக்கிலிருந்து எழுந்துவிட்டது. பூபதி "பிடி" என்றது காதில் விழுந்தது. முள் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு மிதிக்கலாம் என்று இருந்தேன். அவ்வளவு நேரம்தான். அவர் தலை குனிந்து தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்திருக்க முடியாது.

பிரேக் பிடித்திருக்கும். நான் மிதிக்கவில்லை.

காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே பூபதியிடம் இதை இப்படியே சொன்னேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். போய் வாங்கவில்லை.

"அந்தோணிகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

"அக்கா அந்த மனுசன நடுத்தெருவுல வெச்சுக் கேட்டது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"பத்து நாளா."

அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான பதினெட்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

"என்ற காலு போனா நம்ம ரெண்டு பேரோட போச்சு. கவனம் தப்பிருச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அப்ப, எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்து சொல்ற?"

ஜூலை 7, வெள்ளி

லேத் கடைக்குப் போனேன். அந்தோணியண்ணன் ஏதோ சின்ன புஷ் வளையம் கடைந்துகொண்டிருந்தார். சொன்னேன். லேத்தை அவர் நிறுத்தவில்லை. அந்த வெட்டு முடியும்வரை கண்ணை எடுக்கவும் இல்லை. சுருள் சுருளாக இரும்பு கீழே விழுந்தது. பிறகு சுவிட்சை அணைத்தார்.

"மிதிக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்ணா."

"ஒரு மாசமா அந்தப் பைப்ப மனசுக்குள்ள கழட்டிக் கழட்டி மாட்டறேனுங்க. எந்த நட்ட விட்டேன், எங்க முறுக்காமப் போனேன்னு. சர்ச்சுல உக்காந்தாலும் அதுதான். இந்த ஒரு மாசமா வண்டி வேலை எது வந்தாலும் வேண்டாம்னு அனுப்பீட்டேன். என்ற கை மேலயே நம்பிக்கை போயிருச்சுங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் புஷ்ஷை எடுத்து அளவு பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இப்பப் போங்க அம்மிணி. எனக்குப் பேச வரமாட்டேங்குது."

போனேன்.

ஜூலை 9, ஞாயிறு

நங்கையா தம்பியைப் பார்க்க வந்தார். பூபதி, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் அந்த மனுசனப் பேசுன பேச்சு?" என்றார். "அத என்ன பண்றது?"

காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். சாயங்காலம் பூபதிக்கு போன் வந்தது. ஃபவுண்டரி வேலை திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். அந்தோணியண்ணன் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். நங்கையா அவர் கடைக்குப் போனதாகவும், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியதாகவும், நாளைக்கு மறுபடி போகப்போவதாகவும் பூபதி சொன்னார்.

நான்கு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான்.

ஜூலை 13, வியாழன்

ரிவர்ஸ் வேலை செய்கிறது.

பாதுகாப்புக்குச் செயின் பிளாக்கையும் மாட்டிவைத்தேன். நியூட்ரல் விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினேன். அரைக்கும் சத்தம், மிக்ஸி மாதிரி. வண்டி பின்பக்கமாக மெதுவாக ஏறியது. சரிவின் உச்சிவரை இருபத்தாறு விநாடி. வண்டிக்கு முன்னால் யாரும் இல்லை. தெருவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் பூபதி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

உள்ளே போனதும், "சத்தம் ஜாஸ்தி" என்றார்.

"பல்லுக்கு கிரீஸ் போடணுங்க."

"மோட்டார் சூடாச்சா?"

"இல்லீங்க."

மதியம் இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம்.

ஒன்று குறித்துக்கொள்ள வேண்டும்: பிரேக் பெடல் சற்று மெத்தென்று இருக்கிறது. அன்று நான் குழாய்களைக் கழற்றி மாட்டியதில் காற்று நுழைந்திருக்க வேண்டும். பாட்டில் வைத்து ஒற்றை ஆளாக ஏற்றினால் முழுக்க வெளியேறாது. இரண்டு பேர் வேண்டும்.

ஜூலை 16, ஞாயிறு

பதினொரு மணிக்கு வெளியே ஸ்கூட்டர் சத்தம். அந்தோணியண்ணன். கையில் ஸ்பேனர் பை. பூபதியைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். இருவரும் முன்னறையில் அரைமணி நேரம் பேசினார்கள். நான் டீ வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சிரிப்புச் சத்தம் ஒருமுறை கேட்டது. பூபதியுடையது.

பிறகு அந்தோணியண்ணன் ஷெட்டுக்கு வந்தார். ரிவர்ஸ் மோட்டாரைக் குனிந்து பார்த்தார். தட்டின் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இது யாரு கடைஞ்சது?"

"கணபதியில ஒருத்தருங்ணா."

"ம்." சீட்டுக்குள் கையை நீட்டி பிரேக் பெடலை அழுத்தினார். உடனே முகம் சுருங்கியது. "பைப்பத் தொறந்தீங்களா?"

"தொறந்தேன்."

"காத்து நிக்குது. இதோட ட்ராக்குக்குப் போயிராதீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பூபதி வாக்கரோடு வாசல்வரை வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தோணியண்ணன் இடது பின்சக்கரத்தின் பக்கத்தில் படுத்தார். அங்கிருந்து அவருக்கு என் கால் தெரியாது. எனக்கும் அவர் முகம் தெரியாது. நான் மிதித்துப் பிடிக்க வேண்டும். அவர் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். அவர் மூடுவதற்குள் நான் விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். செய்த வேலை வீண்.

"மிதிங்க," என்றார்.

மிதித்தேன்.

"புடிங்க. நாஞ் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

திருகு திறக்கும் சத்தம். பெடல் காலடியில் மெல்ல இறங்கியது. எண்ணெயோடு காற்று குமிழ்விடும் சத்தம் கேட்டது. முடிந்துவிட்டது போல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்திருந்தேன்.

"விடுங்க."

விட்டேன்.

"மிதிங்க. புடிங்க."

நான்கு சக்கரத்துக்கும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நடுவே பூபதி, "எத்தனை தடவை ஆச்சு?" என்று கேட்டார். நான் எண்ணவில்லை. அந்தோணியண்ணனின் குரலை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சக்கரத்தில் குமிழ் நின்று தெளிவான எண்ணெய் வந்தது. பெடல் கல்லு மாதிரி ஆகிவிட்டது.

"இப்பப் புடிக்கும்," என்றார் அந்தோணியண்ணன் தரையிலிருந்தே. பிறகு, "சும்மா விட்டுராதீங்க, புடிங்க, எந்திரிச்சு ஒருவாட்டி எல்லாச் சக்கரத்தையும் பாத்துக்கறேன்," என்றார்.

அவர் எழுந்து, கையைத் துணியில் துடைத்து, ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். அவசரப்படவில்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, திங்கள்

வலது தொடை வலிக்கிறது. படியேற முடியவில்லை. பூபதி தைலத்தை எடுத்துக் கொடுத்தார்.